பெயர் தெரியாத நோயும் பெற்றோர் கடமையும்

ஈராண்டுகளுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு நாள், நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். ரொக்கப் புத்தகத்தையும் பேரேட்டையும் ஒப்பிட்டு முடித்து, நூல் இருப்பைச் சரிபார்க்க எழுந்த வேளையில், செயலாளர் ஒரு விண்ணப்பத்தை நம் முன் வைத்தார். உறுப்பினர் ஒருவர் தம் சேமிப்பிலிருந்து 18,000 ரூபாய் முன்பணம் கேட்டிருந்தார். காரணம் என்ற இடத்தில் ‘மகன் மருத்துவச் செலவு’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஓராண்டில் அவர் கேட்கும் மூன்றாவது முன்பணம் அது. ‘இதையும் கொடுத்துவிட்டால் அவர் கணக்கில் எஞ்சுவது ஒன்றுமில்லை’ என்றார் செயலாளர்.

உறுப்பினரை அழைத்து விசாரித்தோம். மகனுக்கு வயது 15. பத்தாம் வகுப்பு மாணவன். இரண்டு சிறுநீரகங்களும் பழுதுற்றிருக்கின்றன என்றும், ஏன் பழுதுற்றன என்பது விளங்கவில்லை என்றும் அரசு மருத்துவமனையில் கூறியிருக்கின்றனர். பக்கத்து நகரத்தில் சூரணம் விற்கும் ஒருவரோ, 90 நாளில் சிறுநீரகத்தைப் புதுப்பித்துத் தருவதாக வாக்களித்திருக்கிறார். அதற்கே அந்தப் பணம்.

‘ஐயா, இத்தனை சோதனையும் செய்துவிட்டுக் காரணம் தெரியவில்லை என்கிறார்கள். காரணம் தெரியாதவர்கள் எப்படிக் குணப்படுத்துவார்கள்? இவரோ கையைப் பிடித்துப் பார்த்த உடனே காரணத்தைச் சொல்லிவிட்டார்’ என்றார் அவர்.

அக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்குவது நேர்மையாகாது. பெற்ற பிள்ளை நோயுற்றிருக்கையில் எவரும் கேட்கக்கூடிய கேள்வியே அது. நாம் மருத்துவர் அல்லோம். எனினும் மருத்துவமனையில் குறித்துக்கொடுத்த அடுத்த நாளில் அவருடன் நாமும் சென்றோம். மருத்துவர் கூறியதைக் கேட்டோம். பின்னர் இயன்றவரை படித்தும் அறிந்தோம். அவ்வாறு அறிந்தவற்றை, அக்குடும்பத்தாரின் இசைவு பெற்று, நம் உறுப்பினர்கள் யாவருக்கும் பயன்படுமாறு இங்கே எழுதுகின்றோம். காரணம் தெரியவில்லை என்பதும், செய்யத்தக்கது தெரியவில்லை என்பதும் ஒன்றல்ல. இக்கட்டுரை வற்புறுத்துவது இதனையே.

சிறுநீரகம் செய்யும் வேலை

முதுகெலும்பின் இரு பக்கத்திலும், கீழ் விலா எலும்புகளை ஒட்டி, மூடிய கை அளவில் இரண்டு சிறுநீரகங்கள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. வளர்ந்த ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவு நீர் அவற்றின் வழியே வடிகின்றது. அதில் பெரும்பகுதி இரத்தத்திற்கே திரும்பிவிட, ஒன்று அல்லது இரண்டு லிட்டர் மட்டும் சிறுநீராக வெளியேறுகின்றது. கழிவை நீக்குவதோடு இவ்வுறுப்பின் பணி முடிவதில்லை. இரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பது, இரத்தத்தின் சிவப்பணுக்கள் உண்டாகத் தூண்டுவது, எலும்பு உரம் பெறத் துணை நிற்பது ஆகியனவும் அதன் பொறுப்பே. ஆதலின் சிறுநீரகம் நலிந்த பிள்ளை வெளுத்துப் போவதும், சோர்வுறுவதும், உடன் பயிலும் பிள்ளைகளைவிடக் குள்ளமாக நிற்பதும் உண்டு.

இவ்வுறுப்பு எளிதில் முறையிடுவதில்லை. பாதி வேலை குன்றிய பின்னும் வலி எதுவும் தோன்றாமல் இருக்கலாம். காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றி வீக்கம், நுரை அடங்காத சிறுநீர், தேயிலை நீரின் நிறத்தில் சிறுநீர், அடிக்கடி தலைவலி, காரணமற்ற சோர்வு ஆகியவை கவனிக்கத்தக்க அடையாளங்கள். இவற்றினும் எளிதில் ஏமாற்றும் அடையாளம் ஒன்றுண்டு. சிலருக்குச் சிறுநீர் குறைவதற்கு மாறாக மிகுதியாகின்றது. நலிந்த சிறுநீரகம் நீரை மிச்சப்படுத்தும் ஆற்றலை இழப்பதனால் ஓயாத தாகமும், இரவில் பலமுறை எழுவதும், படுக்கை நனைப்பதை விட்ட பிள்ளை மீண்டும் நனைப்பதும் நேர்கின்றன.

நாம் கூறும் பையனுக்கும் அவ்வாறே நிகழ்ந்தது. இரவில் மூன்று முறை எழுவான். தலைமாட்டில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டே படுப்பான். ‘தாராளமாகச் சிறுநீர் போகிறதே, சிறுநீரகத்தில் என்ன குறை இருக்கப் போகிறது என்று எண்ணினோம்’ என்றார் தாயார். கால்வலி என்று அவன் சொன்னபோதெல்லாம் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கின்றனர்.

அச்சிட்ட அளவும் உண்மை அளவும்

அந்த உறுப்பினர் தம் மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். சோதனைச் சீட்டுகளும் மருந்துச் சீட்டுகளும் பேருந்துப் பயணச்சீட்டுகளும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. செலவுச் சீட்டுகளை நாள்வாரியாக அடுக்குவது நம் தொழில். அவ்வாறே இவற்றையும் அடுக்கினோம். அடுக்கிய பின்னரே ஒரு செய்தி தெரிந்தது.

முதற் சீட்டு, அன்றைக்கு எட்டு மாதங்களுக்கு முன் ஓர் இரத்தச் சோதனைச் சாலையில் பெற்றது. கிரியாட்டினின் 1.2 என்று அதில் கண்டிருந்தது. பக்கத்தில் ‘0.7 முதல் 1.3 வரை’ என்று சரியான அளவு அச்சாகியிருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டனர். எட்டு மாதம் கழித்து அரசு மருத்துவமனையில் எடுத்த அளவு 1.6.

கிரியாட்டினின் என்பது தசைகளில் உண்டாகி, சிறுநீரகத்தால் வெளியேற்றப்படும் கழிவு. சிறுநீரகம் நலிய நலிய அது இரத்தத்தில் மிகும். ஆனால் தசை மிகுந்தவர் உடலில் அது மிகுதியாகவும், சிறுவர் உடலில் குறைவாகவும் உண்டாகின்றது. சீட்டில் அச்சிட்டிருந்த அளவு வளர்ந்த ஆடவருக்கு உரியது. பிள்ளைகளுக்கு உயரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்றார் மருத்துவர். ஷ்வார்ட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் 1976இல் வகுத்து, 2009இல் திருத்திய வழி அது. உயரத்தைச் செண்டிமீட்டரில் எடுத்து, 0.413 ஆல் பெருக்கி, கிரியாட்டினின் அளவால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண், சிறுநீரகம் வடிக்கும் திறனை ஏறத்தாழக் காட்டும். நலமுள்ள பிள்ளைக்கு அது 90க்கு மேல் இருக்கும். 60க்குக் கீழ் இறங்கி மூன்று மாதத்திற்கு மேல் நீடித்தால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்பர். 15க்குக் கீழ் இறங்கினால் சிறுநீரகம் செயலிழந்ததாகக் கொள்வர்.

பள்ளிப் பதிவேட்டின்படி முதற் சோதனையின்போது பையனின் உயரம் 150 செண்டிமீட்டர். கணக்கிட்டால் கிடைப்பது 52. சரியாக இருக்கிறது என்று சொல்லப்பட்ட அன்றே அவனுடைய சிறுநீரகங்கள் ஏறத்தாழப் பாதித் திறனுடனேயே இயங்கிக் கொண்டிருந்தன. இரண்டாம் சோதனையின்போது உயரம் 154, கிடைப்பது 40.

தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, ‘எட்டு மாதம் போயிற்றே ஐயா’ என்றார். ‘போன எட்டு மாதத்தை இனி நாம் திருத்த முடியாது. வரப்போகும் மாதங்களைக் காப்பாற்றுவோம்’ என்று மருத்துவர் விடையிறுத்தார்.

இதனால் ஒரே சோதனையைக் கொண்டு அஞ்ச வேண்டும் என்பதில்லை. காய்ச்சலோ நீரிழப்போ உள்ள நாளில் கிரியாட்டினின் உயர்ந்து பின் இறங்குவதுண்டு. வளரிளம் பருவத்தினர் சிலருக்கு நின்று நடமாடும்போது மட்டும் சிறுநீரில் புரதம் காணப்படும். படுத்து எழுந்ததும் எடுக்கும் முதற் சிறுநீரில் அது இராது. அவ்வகை தீங்கற்றது. ஆகையால் விடியற்காலை முதற் சிறுநீரைச் சோதிப்பதும், சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பதும் முறையாகும். ஓர் எண்ணைவிட எண்களின் வரிசையே உண்மையைக் கூறும்.

காரணம் ஏன் விளங்குவதில்லை?

பிள்ளைகளுக்கு வரும் நாட்பட்ட சிறுநீரக நோயில் பெரும்பங்கு, கருவிலேயே சிறுநீரகமோ சிறுநீர்க் குழாயோ சரிவர அமையாமற் போவதனால் விளைவது. சிறுநீர் பின்னோக்கிப் பாய்தலும், ஆண் பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் தாரையில் தடுப்பு இருத்தலும் இவ்வகையின. வடிகட்டிகளில் அழற்சி உண்டாவது மற்றொரு வகை. பரம்பரையாக வருவன வேறொரு வகை. அவற்றுள் சில, தாயும் தந்தையும் நோயின்றி இருக்க, இருவரிடமிருந்தும் மறைவாக வந்து பிள்ளையிடம் கூடும்போது மட்டுமே வெளிப்படுவன. நெருங்கிய உறவில் மணம் செய்தவர்களிடையே இதற்கு வாய்ப்பு மிகுதி. மருத்துவர் அதைப் பற்றிக் கேட்பது நோயை அறிவதற்கே, எவரையும் பழிப்பதற்கன்று.

நோய் வெளிப்படும்போது சிறுநீரகங்கள் சுருங்கித் தழும்பேறிவிட்டால், தொடக்கம் எது என்று காண்பது அரிது. தீப்பிடித்துச் சாம்பலான பாவைக் கிளறி, எந்தப் பொறி விழுந்தது என்று எவ்வாறு கூற இயலும்? ஊசி கொண்டு சிறுநீரகத்தில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிக்கும் வழி உண்டு. ஆனால் சுருங்கிய சிறுநீரகத்தில் அதனால் இரத்தக் கசிவு நேரும் அபாயம் மிகுதி, கிடைக்கும் செய்தியோ குறைவு. ஆகவே இப்பையனுக்கு அதைச் செய்வதில் பயனில்லை என்று விட்டுவிட்டனர். ஸ்கேனில் அடைப்பு எதுவும் காணவில்லை. இரு சிறுநீரகங்களும் வயதுக்கு ஏற்ற அளவில் இல்லை என்று மட்டும் தெரிந்தது. மரபணுச் சோதனையும் விடை தரவில்லை. ‘காரணம் தெரியவில்லை’ என்று மருத்துவர் சொன்னதன் பொருள் இதுவே. தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் எழுதிய நேர்மையான குறிப்பு அது.

காரணம் தெளியாத சிறுநீரக நோய் உலகிற்குப் புதியதன்று. இலங்கையின் வடமத்திய மாகாணத்து உழவரிடையே 1990கள் முதலும், ஆந்திர மாநிலம் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும், நடு அமெரிக்க நாடுகளின் கரும்புத் தோட்டங்களிலும் இத்தகைய நோய் பரவலாகக் காணப்பட்டுள்ளது. கொளுத்தும் வெயிலில் நீரின்றி உழைப்பது, குடிநீர், பூச்சிமருந்து எனப் பலவற்றை ஆராய்ந்தும், அறிஞர் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அது பெரும்பாலும் வயலில் உழைக்கும் பெரியோருக்கு வருவது. இப்பையனின் நோய் அதுவே என்று கொள்ளலாகாது. தேர்ந்த அறிஞர் பலர் கூடி ஆராய்ந்தும் காரணம் பிடிபடாத நோய்கள் உண்டு என்பதற்கே இதனைக் குறிப்பிட்டோம்.

காரணம் கிட்டாத இடத்தில் மனம் சும்மா இருப்பதில்லை. அருகில் இருப்பவரைக் குற்றவாளியாக்கத் தொடங்கும். அவ்வீட்டில் தாயார், கருவுற்றிருந்தபோது தாம் உண்ட மாத்திரைகளை எண்ணி எண்ணிக் கலங்கினார். தந்தையார், தாம் சாயப் பட்டறையில் வேலை செய்த இரண்டாண்டுகளை நினைத்துக் குமைந்தார். பாட்டியார், குலதெய்வத்திற்குச் செலுத்தாத நேர்த்திக்கடன் என்றார். ஒருவரையொருவர் நோக்கிப் பேசுவதே குறைந்துவிட்டது. அந்நிலையில் சூரணம் விற்பவர் கையைப் பிடித்துப் பார்த்து ஒரு காரணத்தைக் கூறியதும், அக்குடும்பத்திற்கு அது மருந்தைவிட இனிப்பாக இருந்தது. 18,000 ரூபாய் கொடுத்து அவர்கள் வாங்கவிருந்தது சூரணத்தை அன்று, அந்தக் காரணத்தையே.

காரணம் தெரியுமுன்னே செய்யத்தக்கவை

சங்கத்தில் நூல் இருப்புக் குறைந்தால் நல்ல செயலாளர் என்ன செய்வார்? எப்படிக் குறைந்தது என்று தெரியும்வரை கிடங்கைத் திறந்து போட்டுவிட்டுக் காத்திருக்க மாட்டார். முதலில் கிடங்கைப் பூட்டுவார், எஞ்சியதை எண்ணுவார், வாரந்தோறும் எண்ணி எழுதுவார், விசாரணையும் ஒரு பக்கம் நடக்கும். சிறுநீரகத்திற்கும் அவ்வாறே. எஞ்சிய திறனைக் காப்பதற்கான வழிகளுள் பெரும்பாலானவை, காரணத்தின் பெயரை எதிர்பார்த்து நிற்பன அல்ல.

முதலாவது, இரத்த அழுத்தம். ஐரோப்பிய நாடுகளில் 3 முதல் 18 வயது வரையுள்ள, வெவ்வேறு காரணங்களால் சிறுநீரகம் நலிந்த 385 பிள்ளைகளை ஐந்தாண்டு கவனித்து, 2009இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. யாவருக்கும் ராமிப்ரில் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான அளவிலும், மற்றப் பகுதியினருக்கு அதனினும் தாழ்வாகவும் இரத்த அழுத்தத்தை வைத்தனர். திறனில் பாதியை இழந்தோர் அல்லது முற்றும் செயலிழந்தோர் முதற் பகுதியில் நூற்றுக்கு ஏறத்தாழ 42. இரண்டாம் பகுதியில் 30. நாள் தவறாது உண்ணும் ஒரு மாத்திரையின் பயன் இத்தகையது. வாந்தியும் பேதியும் கண்ட நாளில் மட்டும் இவ்வகை மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று மருத்துவரை அன்றே கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, தீங்கு செய்வனவற்றை விலக்குதல். இபுப்ரோபென், டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகள் நலிந்த சிறுநீரகத்தை மேலும் நலிவிப்பன. கடைக்காரர் கொடுக்கும் பெயரறியா மாத்திரையை இப்பிள்ளைகளுக்குக் கொடுத்தலாகாது. இன்னதென்று அறியாத சூரணமும் அத்தகையதே. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில், உடல் இளைக்கக் கொடுத்த மருந்தில் ஒரு சீன மூலிகை கலந்ததனால் பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தனர். அம்மூலிகை எவ்வினத்தைச் சேர்ந்ததோ, அவ்வினத்தைச் சேர்ந்தவையே நம் ஊர்களில் காணும் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும். நாட்டு மருத்துவத்தை இகழ்வது நம் நோக்கமன்று. எம்மருந்தாயினும், அதில் உள்ளது இன்னது என்று எழுத்தில் பெற்று, சிறுநீரக மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்க வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.

மூன்றாவது, உணவு. இதில் ஒருவருக்குச் சொன்ன விதி மற்றொருவருக்குப் பொருந்தாது. வீக்கமும் அழுத்தமும் உள்ள பிள்ளைக்கு ஊறுகாய், அப்பளம், கருவாடு, பொட்டலத் தின்பண்டம் ஆகிய உப்பு மிகுந்தவற்றைக் குறைக்க வேண்டும். ஆனால் உப்பும் நீரும் சிறுநீரில் மிகுதியாகக் கழியும் பிள்ளைக்கு அவற்றைக் கட்டுப்படுத்துவதே தீங்காகும். ‘நிறையத் தண்ணீர் குடி’ என்னும் அறிவுரையும் இவ்வாறே. இளநீரும் வாழைப்பழமும் நல்லவை எனினும், இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்த பிள்ளைக்கு அவை ஆபத்தாகலாம். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பிலும் பொட்டாசியம் உண்டு. வளரும் பிள்ளைக்குப் பருப்பையும் முட்டையையும் தாமாகவே நிறுத்திவிடுவதும் தவறு. சோதனைச் சீட்டைப் பார்த்து மருத்துவர் கூறுவதே அப்பிள்ளைக்குரிய உணவு விதி.

நான்காவது, உடன்பிறந்தார். காரணம் தெரியாதபோது அது பரம்பரையாகவும் இருக்கலாம். ஆதலின் மற்றப் பிள்ளைகளுக்கும் சிறுநீர்ச் சோதனையும் இரத்த அழுத்தமும் பார்த்துவிடுதல் நலம். இப்பையனின் தங்கைக்குப் பார்த்தனர், குறையொன்றும் இல்லை.

பிள்ளையிடம் உண்மை பேசுதல்

மருத்துவமனையில் நாம் கண்ட ஒன்றைக் கூறாமல் விடுவதற்கில்லை. தந்தையார் பேசினார், தாயார் பேசினார், நாமும் பேசினோம். பையன் சுவரை நோக்கி அமர்ந்திருந்தான். மருத்துவர் எங்களை நிறுத்திவிட்டு, ‘தம்பி, நீ என்ன கேட்க வேண்டும்?’ என்றார். சிறிது தயங்கி, ‘நான் செத்துப்போய் விடுவேனா?’ என்று கேட்டான். வீட்டில் எவரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவற்றைக் கொண்டு அவனே முடிவு செய்து வைத்திருந்தான்.

மருத்துவர் மறைக்கவுமில்லை, அச்சுறுத்தவுமில்லை. சிறுநீரகம் இன்ன அளவில் வேலை செய்கிறது, இதைப் பல ஆண்டுகள் காக்க முயல்வோம், ஒருகால் செயலிழந்தாலும் டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும் உண்டு, பள்ளிக்குப் போகலாம், விளையாடலாம் என்று விளக்கினார். இரண்டு வாரமாக மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்ததை அன்று அவனே ஒப்புக்கொண்டான். தன் உடலைப் பற்றித் தன்னிடம் சொல்லாதவர்கள் கொடுக்கும் மாத்திரையை அவன் ஏன் உண்ண வேண்டும்? வளரிளம் பருவத்தில் மருந்து தவறுவது மிகுதி என்பது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. வற்புறுத்தலால் அதைத் தடுப்பது அரிது. பொறுப்பைக் கையில் கொடுப்பதே வழி.

சங்கத்து அலுவலகத்தில் எழுதாத பேரேடு ஒன்று இருந்தது. அதைச் செயலாளர் பையனிடம் கொடுத்தார். நாள், உயரம், எடை, இரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், மருந்து மாற்றம், அடுத்த முறை கேட்க வேண்டிய கேள்வி என்று எட்டுப் பத்திகள் நாமே கோடிட்டுக் கொடுத்தோம். ‘காரணம்’ என்று ஒன்பதாவது பத்தியையும் அவன் சேர்த்துக்கொண்டான். எழுதுபவன் அவன், பெற்றோர் பார்வையிடுபவர் மட்டுமே.

செலவும் சங்கமும்

சூரணத்திற்கு முன்பணம் வழங்குவதை நாம் பரிந்துரைக்கவில்லை. அதனைத் தந்தையாரிடம் நேரிலேயே கூறி, காரணத்தையும் விளக்கினோம். மாறாக, பையனின் கைக்கு ஏற்ற பட்டையுடன் கூடிய இரத்த அழுத்தக் கருவிக்கும், மருத்துவமனைப் பயணத்திற்குமாக 3,500 ரூபாய் வழங்கச் சங்க நிர்வாகக் குழு தீர்மானித்தது. எஞ்சிய சேமிப்பு அவர் கணக்கிலேயே நிற்கின்றது.

இந்நோயில் பணம் ஓரிரு மாதத்திற்குரியது அன்று, பல ஆண்டுகளுக்குரியது. ஆதலின் முதல் அச்சத்தில் சேமிப்பு முழுவதையும் இறைத்துவிடலாகாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சிறுநீரகப் பிரிவை முதலில் நாடுதல் வேண்டும். சென்னை எழும்பூரில் உள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் பிள்ளைகளுக்கெனவே சிறுநீரகப் பிரிவு உண்டு. தமிழ்நாட்டில் 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் சிறுநீரக மாற்றமும் இடம் பெற்றன. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் கொண்டு, பெரிய நோய் வருமுன்பே காப்பீட்டு அட்டையைப் பெற்று வைத்தல் உறுப்பினர் ஒவ்வொருவரின் கடமை. இதற்கு விண்ணப்பம் எழுதித் தருவதைச் சங்கச் செயலாளர்கள் தம் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளலாம்.

டயாலிசிஸ் என்பது பொதுவாக வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இரத்தத்தை எந்திரத்தால் தூய்மை செய்வது. வயிற்றின் வழியே வீட்டிலேயே செய்யும் முறையும் உண்டு. மாற்றுச் சிறுநீரகம் வைத்தல் 1954இல் பாஸ்டன் நகரில் முதன்முதல் வெற்றி கண்டது. நம் நாட்டில் 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் வெற்றி பெற்றது. பெற்றோருள் ஒருவர், உடல் தகுதி இருப்பின், தம் சிறுநீரகங்களுள் ஒன்றை அளித்து, மற்றொன்றைக் கொண்டு வாழ இயலும். உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் தண்டனைக்குரிய குற்றம். கடன் சுமை தாங்காமல் தறித் தொழிலாளர் சிறுநீரகத்தை விற்ற செய்திகள் நாளேடுகளில் பலமுறை வெளிவந்துள்ளமையை நாம் அறிவோம். பிள்ளையின் நோய்க்காகத் தரகரை நாடுவோரும், கடனுக்காகத் தரகரிடம் செல்வோரும் ஒரே வலையின் இரு முனையில் சிக்குகின்றனர். இரு சாராருக்கும் சங்கமே முதற்புகலாக இருத்தல் வேண்டும்.

சென்ற மாதம் அதே சங்கத்திற்கு மீண்டும் சென்றோம். பையனுக்கு இப்போது வயது 17. தந்தையார் முகம் வாடியிருந்தது. புதிய சோதனையில் கிரியாட்டினின் 1.7 என்று வந்திருக்கின்றது. பையனோ பேரேட்டைத் திறந்து, ‘அப்பா உயரத்தைப் பார்க்காமல் கவலைப்படுகிறார் ஐயா. இப்போது நான் 160. கணக்குப் போட்டால் 39 வருகிறது. போன ஆண்டுக்கு முந்தின ஆண்டு 40. மருத்துவரும் சரி என்றார்’ என்று கூறிவிட்டு, மாலை வகுப்பிற்கு நேரமாயிற்று என்று மிதிவண்டியில் ஏறிச் சென்றான்.

பேரேட்டைப் புரட்டிப் பார்த்தோம். எட்டுப் பத்திகளிலும் ஒரு நாளும் விடுபடாமல் எழுதப்பட்டிருந்தது. ஒன்பதாவது பத்தி மட்டும் இன்றுவரை வெறுமையாகவே உள்ளது. ஒரு நாள் அது நிரம்பலாம், நிரம்பாமலும் போகலாம். அதற்காக மற்ற எட்டையும் எழுதாமல் விட்டிருந்தால், அந்தப் பிள்ளை இன்று மிதிவண்டியில் ஏறியிருப்பானா என்பதை நம் உறுப்பினர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.